பொழுதுபோக்கு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு வயது 44. கணக்குப் பிரிவில் வேலை. கணவர், பதினான்கு வயதில் ஒரு மகள். போன மாதம் அலுவலகத்தில் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். அதில் ‘உங்கள் பொழுதுபோக்குகள்’ என்று ஒரு கட்டம். யோசிக்காமல் ‘புத்தகம், இசை, விளையாட்டு, சினிமா’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, நான் எழுதியது பொய் என்று. ஒரு நாவலை முழுதாகப் படித்து ஆறு வருடம் இருக்கும். இப்போது எடுத்தால் இரண்டு பக்கத்திலேயே தலை வலிக்கிறது. புத்தகத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாலும் மனம் ஒட்ட மாட்டேன் என்கிறது. பாட்டு என்றால் கல்லூரி நாட்களில் கேட்ட அதே பாட்டுகள்தான், அதுவும் பாத்திரம் கழுவும்போது. கல்லூரி அணியில் ஷட்டில் ஆடியவள் நான். மட்டை பரண் மேல் கிடக்கிறது. இப்போது மேட்ச் பார்ப்பதோடு சரி. சினிமா பார்க்கலாம் என்று இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தால், எதைப் பார்ப்பது என்று தேடியே முக்கால் மணி நேரம் போய்விடுகிறது. அப்புறம் போனை நோண்டிவிட்டுத் தூங்கிவிடுகிறேன். மகளோடு சிரித்துப் பேசுகிறேன், வேலையில் குறை இல்லை, தூக்கமும் வருகிறது. ஆனாலும் எனக்கென்று ஒன்றும் மிஞ்சவில்லையோ என்று பயமாக இருக்கிறது. அரை மணி நேரம் எனக்காக எடுத்துக்கொண்டாலும் குற்ற உணர்ச்சி வருகிறது. படிப்பதுதான் படிக்கிறோம், வேலைக்கு உதவும் புத்தகமாகவாவது படிக்கலாமே என்று தோன்றுகிறது. என் ரசனையே செத்துவிட்டதா?

ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். படிவத்தில் நீங்கள் எழுதியதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ரசனை செத்துப் போனவர்கள் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார்கள். வீட்டுக்கு வந்தும் அதையே நினைத்துக்கொண்டிருந்து, உட்கார்ந்து இவ்வளவு நீளமாக ஒரு கடிதம் எழுத மாட்டார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். எதிலும் ஆர்வமில்லை என்று யார் சொன்னாலும் மனநலத் துறையில் இருக்கும் நாங்கள் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. மனச்சோர்வு நோயின் இரண்டு முக்கிய அறிகுறிகளில் ஒன்று சோகம், மற்றது ஆர்வமும் இன்பமும் குறைந்துபோவது. சோகமே இல்லாமல் இரண்டாவது மட்டும் வருவதும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி எதுவுமே பிடிக்காமல் இருந்து, கூடவே தூக்கம், பசி, கவனம் எல்லாம் குலைந்தால் நேரில் போய் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். மகளோடு சிரிக்க முடிகிறது, தூக்கம் வருகிறது, வேலை ஓடுகிறது என்று நீங்களே எழுதியிருப்பதால் அந்தப் பக்கம் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. ஆனாலும் உடம்பில் எப்போதும் அசதி இருந்தால் தைராய்டுக்கும் ரத்தசோகைக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இந்த இரண்டு குறைகளையும் சோம்பல் என்று நினைத்து வருடக்கணக்கில் தன்னைத் திட்டிக்கொண்டிருந்த பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது உங்கள் கண். கடிதத்தில் ஒரு வரியில் அதைச் சொல்லிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் பளிச்சென்று பட்டது. வயது 44, இரண்டு பக்கத்தில் தலைவலி, புத்தகத்தைத் தள்ளிப் பிடிப்பது. இதற்கு நம் பாட்டிகள் காலத்திலிருந்தே ‘வெள்ளெழுத்து’ என்று பெயர் இருக்கிறது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இளமையில் நெகிழ்ந்து வளைந்து கொடுக்கும். அதனால் கிட்டத்து எழுத்து தெளிவாகத் தெரியும். நாற்பதைத் தாண்டும்போது லென்ஸ் விறைப்பாகிவிடுவதால் பொடி எழுத்தைப் பார்க்கக் கண் பாடுபடுகிறது. எல்லோருக்கும் வருவதுதான். சிக்கல் என்னவென்றால், இது மெல்ல மெல்ல வருவதால் கண் தெரியவில்லை என்று நமக்குத் தோன்றாது, படிக்கப் பிடிக்கவில்லை என்றுதான் தோன்றும். போனில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், வெளிச்சமும் அதிலேயே இருக்கிறது. அச்சுப் புத்தகத்தில் அந்த வசதி இல்லை. புத்தகம் தோற்று போன் ஜெயிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே மனத்தைச் சந்தேகப்படுவதற்கு முன் ஒருமுறை கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள்.

சரி, கண்ணாடி போட்டுக்கொண்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா? தீராது. உங்கள் நாளை நீங்கள் வரிசையாகச் சொல்லியிருப்பதைப் பாருங்கள். பாட்டு பாத்திரம் கழுவும்போது. சினிமா இரவு பத்து மணிக்கு. புத்தகம் எப்போது என்று நீங்கள் எழுதவே இல்லை, அநேகமாகப் படுக்கையில்தான் இருக்கும். உங்களுக்குப் பிடித்த எல்லாமே நாளின் கடைசிச் சொட்டுக்காகக் காத்திருக்கின்றன. அந்த நேரத்தில் உங்களிடம் மிச்சமிருக்கும் தெம்புக்குப் போன் மட்டும்தான் கட்டுப்படியாகும். விரலைத் தள்ளினால் போதும், அடுத்தது வந்துவிடும்.

மிஹாலி சிக்சென்ட்மிஹாய் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர் ஒருவரும் 1989இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வேலைக்குப் போகும் 78 பேரிடம் பேஜர் கொடுத்து, ஒரு வாரம் முழுக்க அது ஒலிக்கும்போதெல்லாம் என்ன செய்கிறார்கள், மனம் எப்படி இருக்கிறது என்று குறித்துவைக்கச் சொன்னார்கள். தன்னை மறந்து ஒன்றில் ஆழ்ந்திருக்கும் நிலை ஓய்வு நேரத்தைவிட வேலை நேரத்தில்தான் அதிகம் இருந்தது. ஆனாலும் வேலையில் இருந்தபோது வேறு எதையாவது செய்யலாமே என்றுதான் அவர்களுக்குத் தோன்றியது. இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அலுவலகத்தில் வேலைக்கு ஒரு நேரமும் இடமும் இருக்கிறது, அடுத்து என்ன என்பது தெரிகிறது. ஓய்வில் அது எதுவும் இல்லை. எல்லாவற்றையும் நாமே தொடங்க வேண்டும், அதுவும் களைத்துப்போன பிறகு. நன்றாக ஆழ்ந்து போகக்கூடிய எந்த விஷயத்துக்கும் ஆரம்பத்தில் ஒரு சின்ன மேடு உண்டு. நாவலின் முதல் பதினைந்து பக்கம், ஆடுகளத்தில் முதல் பத்து நிமிடம், புதிய பாட்டின் முதல் இரண்டு மூன்று முறை, எல்லாமே கொஞ்சம் சலிப்பாகத்தான் இருக்கும். இருபது வயதில் அந்த மேடு உங்கள் கண்ணில் பட்டிருக்காது. இப்போது படுகிறது.

அதனால் ஆசை வந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். மனச்சோர்வுக்குச் சிகிச்சை தரும்போது நாங்கள் நம்பிச் செய்யும் ஒரு முறை உண்டு. 1970களில் பீட்டர் லெவின்சன் என்ற உளவியலாளர் வளர்த்தெடுத்த சிந்தனை அது. மனம் மாறட்டும், செய்கிறேன் என்று இருக்காமல், செய், மனம் பின்னால் வரும் என்று அதைச் சுருக்கமாகச் சொல்லலாம். இதற்காக அவரும் சக ஆய்வாளர் ஒருவரும் இன்பம் தரக்கூடிய 320 செயல்களைப் பட்டியலாகத் தொகுத்தார்கள். நோயில்லாதவர்களுக்கும் இதே வழி பலிக்கிறது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணி, இந்த நாற்காலி, இந்தப் புத்தகம் என்று முடிவு செய்துவிட்டுப் போய் உட்காருங்கள். அன்றைக்குப் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. வியாழக்கிழமையும் அதே நேரத்துக்கு உட்காருங்கள்.

எந்தப் புத்தகம்? ஆறு வருடம் படிக்காமல் இருந்தவர்கள் பெரும்பாலும் தவறான புத்தகத்தோடுதான் திரும்பி வருகிறார்கள். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர், தன்னால் படிக்க முடியவில்லை என்பதைக் காட்ட அந்த நாவலையே பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். தடித்த புத்தகம். முப்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு பேருந்துச் சீட்டு செருகியிருந்தது. சீட்டில் மை மங்கிப்போய் தேதிகூடத் தெரியவில்லை. எவ்வளவு நாளாக இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்டேன். இரண்டு வருடம் என்றார். பிடித்திருக்கிறதா என்றேன். எல்லோரும் நல்ல நாவல் என்கிறார்களே என்றார். அந்த இரண்டு வருடத்தில் அவர் வேறு எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை, இதை முடிக்காமல் இன்னொன்றை எடுப்பது தப்பு என்ற நினைப்பில். சீட்டை உருவிவிட்டுப் புத்தகத்தை அலமாரியில் திருப்பி வையுங்கள், அடுத்த முறை வரும்போது சிறுகதைத் தொகுப்பு ஒன்று கொண்டுவாருங்கள் என்றேன். கொண்டுவந்தார். அதில் நான்கு கதைகள் படித்திருந்தார், அவற்றில் ஒன்றைப் பற்றி இருபது நிமிடம் பேசினார்.

உங்களுக்கும் அதையே சொல்கிறேன். சிறுகதை, பயணக் குறிப்பு, யாருடையதாவது கடிதங்கள் என்று ஒரே அமர்வில் முடியக்கூடிய ஒன்றில் தொடங்குங்கள். முப்பது பக்கம் போயும் பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் மூடிவிடுங்கள். இருபது வயதில் உருகி உருகிப் படித்த நாவலை இப்போது மறுபடி எடுப்பதில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். சிலருக்கு அது அன்றைவிட ஆழமாகத் திறக்கும். சிலருக்கு, ‘இதையா அன்றைக்கு அப்படிக் கொண்டாடினோம்’ என்று இருக்கும். அப்படி ஆனால் உங்கள் ரசனை வளர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள், செத்துவிட்டது என்று பயந்துவிடாதீர்கள்.

வேலைக்கு உதவும் புத்தகமாகப் படிக்கலாமே என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இந்த நேரத்தில் மட்டும் வேண்டாம். 1973இல் மார்க் லெப்பரும் அவருடைய சக ஆய்வாளர்களும் மூன்று முதல் ஐந்து வயதுள்ள, படம் வரைவதில் தாமாகவே ஆர்வம் காட்டிய குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவுக் குழந்தைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, வரைந்ததும் கொடுத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து, விளையாட்டு நேரத்தில் பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்துக் கவனித்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்களில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைவதில் செலவிட்டார்கள். பிடித்துச் செய்த ஒன்று, எதையோ பெறுவதற்கான வழியாக மாறியதும் மனம் அதிலிருந்து விலகத் தொடங்குகிறது. வருடத்துக்கு ஐம்பது புத்தகம் என்று இலக்கு வைப்பதிலும் அதே ஆபத்து இருக்கிறது. எண்ணிக்கைக்காக மெல்லிய புத்தகமாகத் தேட ஆரம்பித்துவிடுவோம். நீங்கள் நாள் முழுக்க எண்களோடு இருப்பவர், சகோதரி. வீட்டுக்கு வந்தும் கணக்கு எழுத வேண்டாம்.

இனி பாட்டு. கல்லூரிக் காலப் பாட்டுகளையே சுற்றிச் சுற்றி வருவதை நீங்கள் ஒரு குறையாகச் சொல்கிறீர்கள். அது பலருக்கும் நடப்பது. 1989இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 16 முதல் 86 வயது வரை உள்ளவர்களிடம் வெவ்வேறு காலத்துப் பிரபலப் பாடல்களைப் போட்டுக் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார்கள். தங்களுக்கு ஏறத்தாழ 24 வயதாக இருந்தபோது வந்த பாடல்களுக்குத்தான் அவர்கள் அதிகம் கொடுத்தார்கள். அந்த வயதில் கேட்ட பாட்டு, பாட்டாக மட்டும் உள்ளே போவதில்லை. யாருடன் கேட்டோம், எங்கே நின்றுகொண்டிருந்தோம் என்பதையெல்லாம் சேர்த்துக்கொண்டு போகிறது. ஆகவே அந்தப் பாட்டுகளை விட்டுவிடச் சொல்ல மாட்டேன்.

நான் மாற்றச் சொல்வது கேட்கும் விதத்தை. உங்கள் வயதுக்காரர்களுக்குக் கேசட் நினைவிருக்கும். நாடா வெளியே வந்து சிக்கிக்கொண்டால், பென்சிலைத் துளையில் விட்டுச் சுற்றிச் சுற்றி உள்ளே இழுப்போம். நடுவில் ஒரு பாட்டு பிடிக்காவிட்டாலும், முன்னால் ஓட்டுவது தொல்லை என்று அதையும் கேட்டுவிடுவோம். நாலு தடவை அப்படிக் கேட்டதில் அந்தப் பிடிக்காத பாட்டே பிடித்துப்போன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் காட்டியதும் கிட்டத்தட்ட இதைத்தான். அர்த்தமில்லாத சொற்கள், தெரியாத எழுத்துகள், முகப்படங்கள் எதுவானாலும், திரும்பத் திரும்பப் பார்க்கும்போது அவற்றின் மேல் விருப்பம் கூடுகிறது. இப்போது பிடிக்கவில்லை என்றால் பத்தாவது நொடியில் தள்ளிவிடுகிறோம். அப்புறம் புதிதாக எதுவும் எப்படி ஒட்டும்? உங்கள் மகளிடம் அவளுக்குப் பிடித்த ஒரே ஒரு பாட்டைக் கேட்டு வாங்குங்கள். ஒரு வாரத்துக்குத் தினமும் ஒரு முறை, கையில் வேறு வேலை இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஒரு நாள் குரலை மட்டும் பின்தொடருங்கள், ஒரு நாள் தாளத்தை மட்டும், ஒரு நாள் பின்னால் ஒலிக்கும் ஏதாவது ஒரு வாத்தியத்தை மட்டும். வார முடிவில் பிடிக்கவில்லை என்றால் அவளிடமே சொல்லுங்கள். ஏன் பிடிக்கவில்லை என்று அவள் உங்களோடு சண்டைக்கு வருவாள். பதினான்கு வயதுப் பிள்ளையோடு பேச அதைவிட நல்ல விஷயம் எளிதில் கிடைக்காது.

விளையாட்டைப் பற்றி எழுதும்போது ‘மேட்ச் பார்ப்பதோடு சரி’ என்று குரலைத் தாழ்த்திக்கொண்டீர்கள். பார்ப்பதும் ஆர்வம்தான். ஆட்டத்தின் நுணுக்கம் தெரிந்து, ஒரு வீராங்கனை ஏன் வலைப் பக்கம் இழுத்துவிட்டுப் பின்னால் தூக்கி அடிக்கிறாள் என்று புரிந்து பார்ப்பது லேசான ரசனை இல்லை. ஆடியவருக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் உங்களுக்கு மட்டையைப் பிடிக்க வேண்டும் என்ற ஏக்கம் இருக்கிறது, கடிதத்திலேயே தெரிகிறது. ஆடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: நேராகப் போய் ஒற்றையர் ஆட்டத்தில் இறங்காதீர்கள். ஷட்டில் பார்க்க மென்மையாக இருந்தாலும், சட்டென்று பாய்வதும் நிற்பதும் திரும்புவதும் நிறைந்த ஆட்டம். இருபது வருட இடைவெளிக்குப் பிறகு மனத்துக்குப் பழைய வேகம் நினைவிருக்கும், குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த தசைநாணுக்கு இருக்காது. நடுத்தர வயதில் ஆடுகளத்துக்குத் திரும்புபவர்களுக்கு அது அறுந்துபோவது எலும்பு மருத்துவர்கள் நன்கு அறிந்த விபத்து. ஐந்தாறு வாரம் வேக நடை, கெண்டைக்கால் பயிற்சி, அப்புறம் இரட்டையர் ஆட்டம், ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் உடம்பைச் சூடேற்றிக்கொண்டு. ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். வயது வந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நடையும் ஆட்டமும் சேர்ந்து அதில் நல்ல பங்கைத் தந்துவிடும். ஆனால் அதற்காக ஆடாதீர்கள், ஆட்டத்துக்காகவே ஆடுங்கள்.

சினிமாவுக்கு நான் சொல்ல அதிகம் இல்லை. இரவில் தேர்ந்தெடுக்காதீர்கள், அவ்வளவுதான். மதிய இடைவேளையில், மனம் தெளிவாக இருக்கும்போது, அந்த வாரத்துக்கு ஒரே ஒரு படத்தை முடிவு செய்து ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். இரவு உட்கார்ந்ததும் அதையே போடுங்கள். மிகவும் களைத்த நாளில் ஏற்கெனவே பார்த்த படத்தைப் பார்த்தால் தப்பில்லை. கதை தெரிந்திருப்பதால் மனம் பதறாமல் நடிப்பையும் ஒளியையும் கவனிக்கும்.

நான்கையும் ஒரே மாதத்தில் மீட்டுவிட வேண்டும் என்று கிளம்பிவிடாதீர்கள். படிவத்தில் நான்கும் ஒரே வரியில் இருக்கலாம். வாழ்க்கையில் ஒரு சமயத்தில் ஒன்றோ இரண்டோதான் முன்னால் இருக்கும், மற்றவை கொஞ்ச காலம் பின்னால் நிற்கும். அது இயல்பு. உங்கள் கடிதத்தில் எனக்கு அதிக உயிரோடு தெரிவது ஷட்டில். அதிலிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

குற்ற உணர்ச்சியை மட்டும் வாதாடித் தீர்த்துவிட முடியும் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் வீட்டு நேரத்தைத் திருடுவதாக உங்களுக்குள் ஒரு குரல் சொல்கிறது. அந்தக் குரலோடு சண்டை போடாமல், வீட்டில் வெளிப்படையாகக் கேட்டு நேரத்தை வாங்குங்கள். செவ்வாயும் வியாழனும் ஏழிலிருந்து ஏழரை வரை எனக்கு வேண்டும், அந்த நேரத்தில் பாத்திரத்தை நீங்கள் இருவரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கணவரிடமும் மகளிடமும் நேராகச் சொல்லுங்கள். ஒளித்துச் செய்யும்போதுதான் அது திருட்டு மாதிரி இருக்கும். வேலையிலிருந்து மனம் மீள்வது பற்றி ஸோனன்டாக், ஃபிரிட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2007இல் எழுதியபோது நான்கு விஷயங்களைச் சொன்னார்கள்: வேலையை மனத்திலிருந்து இறக்கி வைப்பது, இளைப்பாறுவது, ஏதாவது ஒன்றைப் பழகித் தேறுவது, அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதை நாமே முடிவு செய்வது. கடைசியில் சொன்னதுதான் உங்கள் நாளில் இல்லாமல் போயிருக்கிறது. மறுக்கிறார்களா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அவர்கள் மறுத்ததாக ஒரு வரிகூட இல்லை.

இந்த வாரம் கண் பரிசோதனைக்கு நேரம் வாங்குங்கள். கண்ணாடி கைக்கு வந்த பிறகு புத்தகம். பரண் மேலிருக்கும் மட்டையை மட்டும் இன்றைக்கே இறக்கிவிடுங்கள். இத்தனை வருடத்தில் நரம்பு தளர்ந்திருக்கும், பிடியில் சுற்றியிருக்கும் நாடாவும் பிசுபிசுத்துப் போயிருக்கும். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பழைய நாடாவைப் பிரித்து எடுத்துவிட்டுப் புதியதைச் சுற்றுங்கள். பிடியின் அடியிலிருந்து தொடங்கி, ஒன்றின் மேல் ஒன்று லேசாக ஏறும்படி, இழுத்துச் சுற்ற வேண்டும். கைக்கு அது இன்னும் மறந்திருக்காது.